ஒஹியவில் ஒரு பனை

டிசம்பர் 9, 2023

அரிசி வாங்கி வரச் சொன்னால் மறந்துபோகிற மனுஷன், இன்று நுவரெலியாவிலிருந்து ஒரு பனங்கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துப் பனை இல்லையாம். பனி கொட்டுகிற சீன மலைகளில் வளர்கிற சாதியாம். "ஸ்னோவையே தாங்குமாம் பாக்கியம்" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னார். வாசலுக்குப் பக்கத்தில் நட்டோம்.

டிசம்பர் 10

சித்திரையோடு இவருக்குப் பென்ஷன். யாழ்ப்பாணத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்து, என்னைக் கட்டி, இத்தனை வருஷமும் இந்த ஒஹியக் குளிரோடு முறைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். இனி தன் ஊர் இணுவிலுக்குப் போய் அவருடைய அண்ணன் வீட்டு வளவில் இருப்போம் என்கிறார். எனக்குப் போக விருப்பமில்லை. வாயால் சொல்லவில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

போகிறவருக்கு இங்கே எதற்குப் பனை என்று கேட்டேன். "அது இந்தப் பனிக்குத் தப்பினா நாங்களும் இங்கையே இருப்பம்" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னாரா? எனக்கு விளையாட்டில்லை.

டிசம்பர் 31

தன்னைவிட அந்தக் கன்றைத்தான் நான் நன்றாகக் கவனிக்கிறேனாம். ஆமாம்.

ஜனவரி 22

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. கீழ் மலையில் தேயிலை கருகிப்போய் நிற்கிறது. பனையைச் சாக்கால் மூடித்தான் வைத்திருந்தேன். அப்படியும் நடுக்குருத்தின் நுனி பழுப்பாகிவிட்டது. இவர் கூட்டத்துக்குப் பதுளை போயிருக்கிறார், இன்னும் பார்க்கவில்லை.

ஜனவரி 23

பக்கத்து லயத்து வீட்டுப் பெரியாயி அக்கா வந்து பார்த்தாள். அவளும் நானும் சேர்ந்து கொழுந்து பறித்தவர்கள். "கருகுன தேயிலைய என்னா செய்வோம்? கவ்வாத்து வெட்டுவோம்ல? இதையும் வெட்டிவிடு புள்ள, குப்புன்னு தளிர் விடும்" என்றாள். சரிதானே. அவளுடைய கத்தியையே வாங்கி, நடுக்குருத்தை அடிவரைக்கும் வெட்டி எடுத்தேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

ஜனவரி 25

இவர் வந்தார். கன்றுக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்தார்.

"ஆர் வெட்டினது?"

"நான்தாங்க."

கோபப்படவில்லை. இரண்டு பேச்சுப் பேசியிருந்தாலாவது ஆறியிருக்கும். பனைக்குக் குருத்து ஒன்றுதானாம். அதை எடுத்தால் தேயிலை மாதிரிப் பக்கத்தில் வெடிக்காதாம். நுனி கருகினது ஒரு விஷயமே இல்லையாம், தானாகத் தேறியிருக்குமாம்.

மடச்சி. பனி விட்டுவைத்ததை நான் வெட்டிவிட்டேன். இணுவிலுக்கு என்னை நானே வழியனுப்பிக்கொண்டேன்.

பெப்ரவரி 19

சுற்றியுள்ள ஓலைகள் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன. தினமும் நடுவில் எட்டிப் பார்க்கிறேன் — ஒன்றுமில்லை.

மார்ச் 17

கடைசி ஓலையும் சாய்ந்தது. இவர் பிடுங்கிப் போட்டார். குசினியில் அடுப்பருகே நின்று அழுதேன். ஒரு செடிக்குப் போய் அழுவாங்களா என்று பெரியாயி கேட்டாள். செடிக்கா அழுறேன்? அங்க போயி, அந்த வெயில்ல, யாரு மொகத்தப் பாத்துக்கிட்டு நான் இருப்பேன்?

மார்ச் 20

இணுவில் அண்ணன் போன் பண்ணினார். இவர் வெளியே போய்ப் பேசினார்.

ஏப்ரல் 6

காலையில் போன மனுஷன் மத்தியானம் இரண்டு கன்றுகளோடு வந்தார். அதே சாதி. சாப்பிடக்கூட இல்லை, வாசலுக்கு இரண்டு பக்கமும் குழி வெட்டினார். நான் கன்றைப் பிடித்துக்கொள்ள, அவர் மண்ணைத் தள்ளினார். கேட்கப் பயம். கேட்டுவிட்டேன்.

"இது கூரை ஒயரம் வர எவ்வளவு காலமாகுங்க?"

"பதினைஞ்சு வருசம் செல்லும்." மண்ணை மிதித்து இறுக்கினார். "குசினியில நீர் அழுததைக் கண்டன். நீர் ஒரு பனைக்கு அழுற ஆளில்லையெண்டு எனக்குத் தெரியும். நாங்கள் இணுவிலுக்கு வரேல்லையெண்டு அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்."

பதினைந்து வருஷத்தில் எனக்கு எழுபது. பரவாயில்லை, தண்ணீர் ஊற்ற எழும்பி வருவேன்.