அவசரம் தெரியாத வீடு

மாமி, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். எந்த விஷயத்தையும் உங்களால் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. நான் கணக்கில் ஃபெயிலானதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது கரையில் வலை பின்னுகிறவர்கள் வரைக்கும் போய்விட்டது. இப்போது இருக்கிற இடத்திலும் நாலு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுவீர்கள். வேண்டாம் மாமி. அப்பாவுக்கு, அதுதான் உங்கள் தம்பிக்கு, தெரிந்தால் என்ன நடக்குமோ.

உங்கள் அடக்கத்துக்கு நாங்கள் கொண்டுபோய்வந்த துணிப்பெட்டி இத்தனை நாளும் பால்கனியில்தான் கிடந்தது. இன்றைக்கு அதை என் அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது சக்கரங்களிலிருந்து மணல் உதிர்ந்தது. திறந்தால் நெத்திலிக் கருவாட்டு வாசனை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு துடைப்பம் எடுக்கப் போனாள். நானே பெருக்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். இன்னும் பெருக்கவில்லை.

மே மாத லீவில் உங்களோடு இருந்தபோதுதான் கடல் முன்சுவரைத் தின்றது. எழுந்து பார்த்தால் காம்பவுண்டு சுவர் செங்கல் செங்கலாக வாசலில் கிடந்தது. முருங்கை மரம் வேரோடு சாய்ந்திருந்தது. நான் அழுதேன். நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "மரத்துக்கு நீச்சல் தெரியாது மக்ளே, பாவம்" என்றீர்கள். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடலைத் தடுக்க லாரியில் கருங்கல் கொண்டுவந்து தர ஊர்க் கமிட்டியார் தயாராக இருந்தார்கள். ஆனால் கரையை ஒட்டிய இடத்தில் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட இறக்கக் கூடாது. வீடு விழும் நிலைமை இருந்தால் மட்டும் அவசர அனுமதி தருவார்களாம். உங்களிடம் இருந்தது பட்டன் போன். அதனால் மனுவை என் போனில் போட்டோம், என் நம்பரையே கொடுத்தோம். "நம்ம வீடு போனா அடுத்தது பின்னால இருக்க ஜெனோவாக்க வீடு. அவளுக்குக் கைப்பிள்ள வேற இருக்கு. எழுது, நல்லா அழுத்தி எழுது" என்றீர்கள். போனில் எப்படி அழுத்தி எழுதுவது மாமி?

பார்வையிட அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் நீங்கள் செய்த காரியம் இருக்கிறதே! நான் தூங்கி எழுவதற்குள் ஜெனோவா அக்காவையும் கூட்டிக்கொண்டு செங்கலை எல்லாம் பொறுக்கிப் பின்பக்கம் அடுக்கிவிட்டீர்கள். கடல் தோண்டிய குழியை மணல் போட்டு மூடி, மேலே ஓலைப்பாய் விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டாயிற்று. சாய்ந்த முருங்கை எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் தலையில் கை வைத்தேன். நீங்கள் என்னைத்தான் அதட்டினீர்கள். "ஒரு மனுசன் வீடு தேடி வாறாரு. குப்பையும் கூளமுமாவா போட்டு வைப்பாவ?"

அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். சுற்றிலும் பார்த்தார். "வீட்டை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

"பின்ன? ஒத்தப் பொம்பளையா இருந்தாலும் வீடு வீடா இருக்கணும்லா சார்?" உங்கள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் உங்கள் சேலையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டு அவருக்கு இன்னொரு முறுக்கு வைத்தீர்கள்.

"இதுல அவசரம் ஒண்ணும் தெரியலியே?" என்றார் அவர். அப்படியே எழுதிக்கொண்டும் போய்விட்டார்.

அவருடைய ஜீப் திரும்பிய பிறகுதான் உங்களுக்கு உறைத்தது. "ஏட்டி, ஓடு, அவர விளி! செங்கல எல்லாம் திரும்ப அள்ளிப் போட்டுருதேன்!" நான் ஓடவில்லை. நீங்களும் குழிமேல் கிடந்த பாயில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். ஜெனோவா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் உங்கள் சிரிப்பும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நாம் மறுபடியும் மனு போட்டோம். நான் ஹைதராபாத் திரும்பிவிட்டேன். நீங்கள் அந்த வெயிலில் பஸ் மாறி மாறி ஆபீசுக்குப் போனீர்கள். அடுத்த மாசம் வாருங்கள் என்று அவர்கள் சொன்னதற்கு, என்னிடம் கற்ற ஹைதராபாத் பேச்சில் "நக்கோ சார், நக்கோ", அதாவது வேண்டாம் என்று, பதில் சொன்னதாகவும், அவர்கள் முழித்ததாகவும் போனில் சொல்லிச் சிரித்தீர்கள். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. படியேறி வந்ததால் என்றீர்கள். நானும் நம்பினேன்.

அடக்கம் முடிந்து வந்த அப்பா நாலு நாள் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்சில் ஏறவே இல்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "அந்தக் கல்லுக்காக அலைஞ்சுதான் அக்கா போய்ட்டா. மனுவும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். கடலு எடுக்கத எடுத்துக்கிடட்டும்."

"பின்னால ஜெனோவா அக்கா வீடு இருக்கேப்பா" என்றேன்.

"நீ பேசாத." அப்பா இதுவரை என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை மாமி. இங்கே வந்துவிடச் சொல்லி எத்தனை முறை உங்களைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியும்.

இன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து என் போனுக்கு அழைத்தார்கள். மனு போட்டவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார்களாம். வியாழக்கிழமை மறுபடி பார்வையிட வருகிறார்களாம். குடும்பத்திலிருந்து யாரும் நிற்காவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்களாம். "நீங்க யாரும்மா பேசுறது?" என்று கேட்டார் அந்த ஆள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்திருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது, "வீட்டுக்காரி பேசுதேன். நாங்க வருவோம் சார்."

சத்தியமாக அது உங்கள் குரல். அந்த இழுப்பு, அந்தத் திமிர், எல்லாம். இங்கே பள்ளியில் தெலுங்கில்கூட ஆள் பார்த்துப் பயந்து பயந்து பேசுகிறவள் நான். இந்தக் குரல் எனக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை. உங்கள் சாமான்களை எல்லாம் ஊரில் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு என்று எதுவும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜெனோவா அக்காவுக்குப் போன் செய்தேன். அப்பா வருவார் என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வியாழனுக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"மக்ளே, ஜெனோவா கூப்பிட்டா. நான் வாறதா யாரு சொன்னா?"

நான்தான் என்று சொல்லப்போகிறேன் மாமி. கதவைத் திறக்கிறேன்.