வெறுங்காலுக்கு அளந்த குழி

நேற்றுக் காலை நிலவறைக்குப் போய் மின்வாளின் பெட்டியைத் திறந்தேன். வாளின் பல்லிடுக்குகளில் அலுமினியத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். அந்த மணத்தை நீ "தகரப் பேணிக்குள்ள தலையை விட்ட மாதிரி" என்று சொல்லியிருந்தாய். அதைவிடச் சரியான சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

வாளைக் கொண்டுவரச் சொன்னது உன் அப்பா. முதல்நாள் தொலைபேசியில் சுகம் கூட விசாரிக்காமல் நேரே கேட்டார்.

"பிள்ளை, உந்த வள்ளத்தில இருக்கிற குழியைக் கொஞ்சம் பெருப்பிக்கலாமோ?"

"ஏன் அங்கிள்?"

"என்ர சப்பாத்து உள்ள போகுதில்லை."

நீ இருந்த காலத்தில் அவர் ஒருமுறைகூட அந்தப் படகில் ஏரிக்கு வந்ததில்லை. இப்போது ஏன் என்று நான் கேட்கவில்லை. வாறன் என்று மட்டும் சொன்னேன். நான் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து உன் அப்பாவின் ஊரான சூக் வரை ரயிலில் வாள்பெட்டி என் மடியில் இருந்தது.

நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய அலுமினியப் படகு அது. அதன் மூக்கில் ஒரு மின்மோட்டார். அதைத் திருப்புவதற்கு முன்தளத்தின்மேல் ஒரு மிதி. விரல்பக்கம் அழுத்தினால் படகு வலப்பக்கம் திரும்பும், குதிக்காலை அழுத்தினால் இடப்பக்கம். கைகள் இரண்டும் தூண்டிலுக்கு மிஞ்சும். ஆனால் அந்த மிதி தளத்திலிருந்து உயர்ந்து நின்றது. வலது காலை அதன்மேல் தூக்கி வைத்தால் உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இறங்கும். உன் இடது கால்தான் முதலில் உன்னைக் கைவிடத் தொடங்கியிருந்தது. ஒருநாள் படகு அசைந்தபோது நீ நல்லவேளையாகத் தண்ணீருக்குள் விழவில்லை, என் மடியில் விழுந்தாய்.

"ஒரு கதிரை பூட்டுவமோ?" என்று கேட்டேன்.

"இருந்துகொண்டு மீன் பிடிக்க நான் வரேல்லை. இருக்கிறதுக்கு எனக்கு இப்ப கன இடம் வைச்சிருக்கிறாங்கள்."

மருத்துவமனையின் காத்திருக்கும் அறைகளைத்தான் சொன்னாய். நீ அங்கே தாதியாக வேலை செய்தவள். அந்த அறைகளைக் கதவின் மறுபக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவள்.

"அப்ப நான் ஓட்டுறன். நீ பிடி."

"அப்ப அது உன்ர வள்ளம். நான் பயணி."

நீ நிற்க வேண்டும், நீயே ஓட்டவும் வேண்டும். அதற்கு மிதியைத் தளத்துக்குள் இறக்க வேண்டும். இரண்டு பாதங்களும் ஒரே மட்டத்தில் நின்றால் பாரம் இரண்டு கால்களுக்கும் பிரியும்.

நான் இதுபற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். "நீந்தவும் புத்தகத்திலதான் படிச்சனியோடி?" என்று கேட்டாய். ஓம் என்றேன். அது பொய்யும் அல்ல.

படகு, உன் அப்பா சமைக்கும் உணவகத்தின் பின்முற்றத்தில் ட்ரெய்லரோடு நின்றது. வெற்றுப் போத்தல் பெட்டிகளுக்கு நடுவில், சனிக்கிழமை, யாரும் சத்தம் போடக்கூடாத மதிய அமைதி நேரம் தொடங்குமுன் வாளின் சத்தத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வேலை செய்தோம். தளத்தில் வெட்டும் குழிக்குள் இறக்கி மிதியை வைப்பதற்கு ஆழமான ஒரு தட்டு தேவைப்பட்டது. சமையலறையில் கழித்துவிட்ட ஓர் அலுமினியத் தட்டை உன் அப்பா கொண்டுவந்து தந்தார். எவ்வளவு கழுவியும் அதில் உள்ளி மணம் போகவில்லை.

"மீனுக்கு விளங்கினா ஒண்டும் கிட்ட வராது," என்றாய்.

வெட்டியது படகின் அடியை அல்ல, மேல்தளத்தைத்தான். அடியில் வயரோ குறுக்குச் சட்டமோ இல்லாத இடத்தைக் கையை விட்டுத் தடவிப் பார்த்துத் தெரிந்தெடுத்தோம். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தவருக்கு அதெல்லாம் தெரியாது. வாள் அலறத் தொடங்கியதும் உன் அப்பா ஏப்ரனோடு ஓடிவந்து, "வள்ளத்தில ஓட்டை போடுற ஆக்களை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்று தலையில் கைவைத்தார்.

வெட்டுவதற்கு முன் மிதியைத் தட்டுக்குள் வைத்து நீ ஏறி நின்று பார்த்தாய். விரல்பக்கம், குதிக்கால்பக்கம், எல்லாம் தடையில்லாமல் அசைந்தது. "அளவெடுத்துத் தைச்ச மாதிரி," என்றாய். நானும் தலையாட்டினேன். நீ வெறுங்காலோடு நின்றாய் என்பது நம் இருவரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. உறைக்க நியாயமும் இல்லை. படகு வாங்கிய அன்று உன் அப்பா அதற்குச் சந்தனம் பூசி, கற்பூரம் காட்டி, சில்லுக்குக் கீழே நசிக்கத் தேசிக்காயும் எடுத்தார். வள்ளத்துக்குச் சில்லு இல்லையே என்று நாம் சிரிக்க, "ட்ரெய்லருக்கு இருக்குத்தானே," என்று அதன் சில்லுக்குக் கீழே வைத்து நசித்தார். பிறகு சொன்னார்: "இனி இதில ஆரும் சப்பாத்தோட ஏறப்படாது." அன்றிலிருந்து முற்றத்தில் அந்தப் படகுக்குள் நாம் சப்பாத்துப் போட்டதே இல்லை. வீட்டு வாசலில் போலக் கழற்றிவிட்டு ஏறினோம்.

ஏரியில் அது வேறு. மார்ச் மாதக் குளிரில், தடித்த குளிர்காலச் சப்பாத்தோடு நீ முன்தளத்துக்குப் போனாய். காலைக் குழிக்குள் வைத்தாய். சப்பாத்து இரண்டு பக்கமும் இறுகிக்கொண்டது. மிதி அசையவில்லை. படகு காற்றில் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்த சனி திருப்பி வெட்டுவம்," என்றேன்.

நீ குனிந்து சப்பாத்தைக் கழற்றினாய். காலுறையோடு காலை உள்ளே வைத்து அழுத்தினாய். படகு திரும்பியது. கரையோரமாக நீண்ட தூரம் ஓட்டினாய், நின்றபடி. எதையும் கையால் பற்றிக்கொள்ளவில்லை, தூண்டிலைத் தவிர. பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாய்:

"பெருப்பிக்காதை. ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கொண்டு நிக்குது. கால் எங்க இருக்கெண்டு அது சொல்லுது."

"ஏன், உனக்குத் தெரியேல்லையோ?"

"இப்ப கொஞ்ச நாளா வலது காலும் விறைக்குது. அப்பாட்டச் சொல்லிப்போடாதை."

நான் சொல்லவில்லை. அன்று ஓர் எக்லி மீன் பிடித்தாய். சிறியது. திருப்பி விட்டாய். அந்த வருடம் முழுவதும் நீ அந்தக் குழியில் காலை வைத்து நின்றுதான் ஓட்டினாய். அடுத்த வருடம் படகு முற்றத்திலேயே நின்றது.

நேற்று உன் அப்பா இறங்குதுறையில் முழங்கால்வரை நீண்ட ரப்பர் சப்பாத்தோடு எனக்காகக் காத்திருந்தார். அன்று ஏரியில் நீ முதலில் ஏறியதும் இப்படித் தடித்த சப்பாத்தோடுதான். நான் பழக்கத்தில் என் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். அவர் அப்படியே ஏறி, முன்தளத்தில் நின்று, குழியைக் காட்டினார்.

"உதிலயும் உதிலயும் ரெண்டு விரல் அகலம் எடுத்தாக் காணும்."

"அங்கிள், இதில சப்பாத்தோட ஏறப்படாதெண்டு ஆர் சொன்னது?"

அவர் தன் கால்களைப் பார்த்தார். பிறகு தளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, சப்பாத்தில் ஒன்றை இழுத்தார், மற்றதை இழுத்தார். காலுறையின் பெருவிரலில் ஓர் ஓட்டை.

"குளிருமே பிள்ளை."

"குளிரும்."

அவருடைய பாதம் உன்னுடையதைவிட அகலம். ஆனாலும் போயிற்று. முதல் அழுத்தலிலேயே படகு நாணல் பக்கம் திரும்பியது. "ஐயோ, இது எங்க போகுது?" என்றார். "குதிக்காலை விடுங்கோ, அங்கிள்." விட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையோரமாய்ப் போனோம். தூண்டில் கொண்டுவரவில்லை. அவர் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

பிறகு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

"நல்லாத்தான் வெட்டியிருக்கிறியள். ரெண்டு பக்கமும் பிடிக்குது."

ஓம் என்றேன். நீயும் அதையே சொன்னாய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் நீ என்னிடம் தந்துவிட்டுப் போனது. அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. பாரமாக இல்லை. ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய அளவுதான்.

வாளைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அதை நிலவறைத் தட்டில் பழைய இடத்திலேயே வைத்தேன். தூளைத் துடைக்கவில்லை.