இரண்டு வெளிச்சமும் ஒன்றைச் சொன்னது

செவ்வாய்க்கிழமை.

இன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் என் வீட்டுக்காரர், பூன் லே வீட்டிலிருந்து வந்த மகன் செல்வம், நர்ஸ் மீனா, சீன டாக்டர்.

கத்தி படாமல் என் வீட்டுக்காரருடைய சர்க்கரைப் புண் காலை இரண்டு வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். சிவப்பு வெளிச்சம் தோலுக்கடியில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும். நீல வெளிச்சம் சதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். போன மாதம் ரத்தம் போகவில்லை என்றது சிவப்பு. நீலத்திலோ கால் உயிருள்ள சதைபோலப் பளிச்சென்று மின்னியது. டாக்டர் குழம்பிப்போய் மறுபடி வரச் சொன்னார்.

அன்றே மீனா கேட்டாள். "பாட்டி, கால்ல ஏதாச்சும் பூசினீங்களா?"

"ஒண்ணும் இல்லைலா" என்றேன். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சளை இழைத்துத் தினமும் பூசிக்கொண்டிருந்தேன். திட்டுவார்களென்று கிளம்பும்போது துடைத்துவிட்டேன்.

இன்று மீனாவே காலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். "கிரீம், மஞ்சள் இருந்தா நீலத்துல மின்னும் பாட்டி. சதைன்னு ஏமாந்துடுவோம்."

இரண்டு வெளிச்சமும் இன்று ஒன்றையே சொன்னது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதைச் செல்வம் அழுதுகொண்டே சொன்னான். "போன மாசமே தெரிஞ்சிருந்தா விரலோட போயிருக்கும்மா."

"விடு ராசம்மா, இனிமே ஒத்தச் செருப்பு போதும்" என்று இவர் சிரித்தார். மஞ்சள் ஏறிய விரல்களை நான் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

கல்யாணப் பந்தலில் என்னைக் கறுப்பி என்ற நாத்தனாரை இதுவரை மன்னித்ததில்லை. இன்று அவளைக்கூட மன்னித்துவிடலாம். அந்த அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். மேலே அவள் பெயரை எழுதவில்லை. அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். ராசம்மாள்.