திருடன் ஒளிந்த பாட்டு

ஜூன் 3

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, அடுத்த கடிதத்தில் இரண்டு தடவை கேட்டுவிடுகிறேன். இன்று காப்பகத்தில் ஒரு கூத்து நடந்தது!

நீ விட்டுப்போன கீபோர்டைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து கூட்டிப்போகும்வரை பார்த்துக்கொள்வதுதானே எங்கள் வேலை. அந்த நேரத்தில் பாட்டுச் சொல்லிக்கொடு என்று காப்பகத்து அம்மாதான் சொன்னார்கள். நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீ கற்றுத்தந்த முதல் பாடத்தை வாசிப்பேன். ஸரிகரி, ரிகமக, கமபம, மபதப, பதநித. படி ஏறுகிற மாதிரி. ஒரு வாரமாக ஒரு பிள்ளைகூட என் பக்கம் வரவில்லை. சுவருக்குத்தான் நன்றாகப் பாடம் ஆகியிருக்கும்.

இன்று இரண்டாவது வரியில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. விரல் எங்கேயோ விழுந்தது. உடனே பின்னாலிருந்து ஒரு சத்தம்: “தப்பு! தப்பு! பாட்டக்கா தப்புப் பண்ணிட்டாங்க!”

வக்கீல்தான். எட்டு வயது, எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், அதனால் அந்தப் பெயர். ஓடிவந்து என்னை இடித்துத் தள்ளிவிட்டுச் சரியான கட்டையை அழுத்தினாள். இதுவரை கீபோர்டைத் தொட்டதே இல்லை, அக்கா! விளையாடுகிற மாதிரி இருந்துகொண்டு ஒரு வாரமும் கேட்டிருக்கிறாள்!

நான் அதே கையோடு, வேண்டுமென்றே, நாலாவது வரியில் இன்னொரு தப்பு வைத்தேன். இந்தத் தடவை மூன்று பேர் ஓடிவந்தார்கள். “திருடன் பூந்துட்டான்!” என்று பட்டாணி கத்தினாள். அவள்தான் இருக்கிறதிலேயே சின்னவள். அதுவே விளையாட்டுக்குப் பெயராகிவிட்டது. பாட்டில் ஒரு திருடன் ஒளிந்திருப்பான், பிடிக்க வேண்டும். சரியான பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தால்தானே பிடிக்க முடியும்? நாளைக்கு எப்போது விடியும் என்று இருக்கிறது!

உன்
சுண்டெலி


ஜூன் 14

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் விடுதியே எட்டிப் பார்த்தது. போனில் கூப்பிட்டால் ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தாளைக் கண்டால் மட்டும் எங்கிருந்து வருகிறதோ இந்த வாய்!

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தப்பாக வாசித்துக் காட்டினால் தப்பைத்தானே கற்றுக்கொள்வார்கள்? என் பாட்டு வாத்தியாரை உனக்கு நினைவிருக்காது. நாலாவது வரியில் ‘த’ விழ வேண்டிய இடத்தில் என் விரல் ஒரு படி தாண்டி ‘நி’யில் விழும். விழுந்தால் விரல் முட்டியில் அடிக்கோல். அடி விழுமே என்ற பயத்திலேயே மறுபடியும் அங்கேயே விழும். அந்த வரியோடு என் சங்கீதம் முடிந்தது. உனக்குச் சொல்லித்தந்தபோது அந்த ஒரு வரியை மட்டும் நான் வாசிக்காமல் வாயால் சொன்னதைக் கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். பாட்டில் தப்பு என்பது விளையாட்டில்லை, குட்டி.

இப்போது முக்கியமான சேதி. எங்கள் தையல் கம்பெனியில் என் வரிசையிலேயே ஒரு இடம் காலி. சூப்பர்வைசரிடம் உனக்காகச் சொல்லிவைத்திருக்கிறேன். என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலும் காலி. மிஷினோடுதான் வேலை, யாரோடும் பேச வேண்டியதில்லை. உனக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடமும் காட்டு.

அன்புடன்
அக்கா


ஜூன் 29

அக்காவுக்கு,

நலமா? நலமா? போன கடிதத்துக் கடன் தீர்ந்தது.

பூகம்பத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பிள்ளைகளில் ஒருவன், கீபோர்டைக் கையால் அல்ல, முழங்கையால் வாசிக்கிறவன். அவன் உட்கார்ந்தால் மேஜை ஒரு பக்கம் நகரும். நேற்று அவன் ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி ஒரு திருடனை ஒளித்துவைக்க ஆசைப்பட்டான். சத்தம் பெரிதாக இருந்தால் திருடன் மாட்டிக்கொள்கிறான். அதனால் அந்த முரட்டு விரலைத் தூக்கி, தூங்குகிற பூனையைத் தொடுகிற மாதிரி வைத்தான் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது! மெதுவாக வாசி என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். திருடனைப் பிடித்த பிறகு, பிடித்தவர் முழு வரியையும் சரியாக வாசித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திருடன் தப்பித்துவிடுவான். இது வக்கீல் போட்ட சட்டம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. பாதி திரும்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு கவலை. பூகம்பத்தின் அம்மா, “வீட்டுக்கு வந்தா தப்புத் தப்பாவே பாடிட்டிருக்கான், என்னதான் சொல்லிக்கொடுக்கறீங்க?” என்று காப்பகத்து அம்மாவிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால் ஜூலையில் ஒரு சாயங்காலம் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் தினமும் பாட்டு வகுப்பு, பொறுப்பு முழுக்க என்னுடையது. இல்லையென்றால் கீபோர்டு சாமான் அறைக்குப் போய்விடும். பிள்ளைகளிடம் ‘அன்றைக்குத் திருடன் வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

உன்
சுண்டெலி


ஜூலை 8

சுண்டெலிக்கு,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். வக்கீல் வந்தாள், பூகம்பம் வந்தான், பூனைகூட வந்துவிட்டது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் ஒரு வரி இல்லை. சூப்பர்வைசர் தினமும், “உன் தங்கச்சி எங்கம்மா?” என்கிறார். நான் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறேன்.

அத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் நீ என்ன செய்யப்போகிறாய்? பள்ளிக்கூடத்தை விட்ட அன்று போர்வைக்குள்ளே ஒளிந்துகொண்டு நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. அதெல்லாம் வேண்டாம், வந்துவிடு. நான் பக்கத்திலேயே இருப்பேன்.

அக்கா


ஜூலை 20

அக்கா, அக்கா, அக்கா,

வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. முந்தாநாள்தான் அந்தச் சாயங்காலம்.

திருடன் வேண்டாம் என்று சொல்ல நினைத்து நினைத்து, கடைசிவரை நான் சொல்லவே இல்லை. வாய் வந்தால்தானே! பெற்றோர்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் அலமாரிக்குப் பின்னால்.

முதலில் வக்கீல் வாசித்தாள். மூன்றாவது வரியில் ஒரு திருடன்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்றோர் கைதட்டினார்கள். அவள் எழுந்துபோகாமல் எல்லோரையும் முறைத்தாள். அடுத்து பூகம்பம், அவனும் ஒன்று வைத்தான். மறுபடி கைதட்டல். பிறகு பட்டாணி. அவள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பெரிய திருடனாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஓர் அம்மா, “பரவால்ல கண்ணு, பயந்துட்டே, நல்லாதான் வாசிச்சே” என்றார்கள்.

“நான் ஒண்ணும் பயப்படல! நான்தான் வெச்சேன்! யாருக்குமே காது கேக்கலையா?” என்று பட்டாணி அழ ஆரம்பித்துவிட்டாள்.

“பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? எல்லாப் பிள்ளைங்களுக்கும் தப்பாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கு” என்று பூகம்பத்தின் அம்மா எழுந்துவிட்டார்கள். காப்பகத்து அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பட்டாணி அழுதுகொண்டே அறை முழுக்க என்னைத் தேடினாள்.

அந்தக் கண் என்மேல் பட்டதும் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. அத்தனை முகமும் என் பக்கம். நாக்கு ஒட்டிக்கொண்டது. பட்டாணி என் கையைப் பிடித்து, “சொல்லுங்க பாட்டக்கா” என்றாள்.

சொன்னேன், அக்கா! “பாட்டுல ஒரு திருடன் இருக்கான். பிள்ளைங்க உங்களுக்காக ஒளிச்சு வெச்சிருக்காங்க. நீங்கதான் புடிக்கணும்.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் வந்தது!

பட்டாணி முதலில் சரியாக ஒரு தடவை வாசித்தாள், பிறகு திருடனோடு. வக்கீலின் அப்பா பஸ் ஓட்டுகிறவர், சீருடையோடு வந்திருந்தார். தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். “அந்த மூணாவது வரியிலேங்களா… ஏதோ தடுக்கினாப்ல இருந்துச்சு?”

பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. “அப்பா, வந்து சரியா வாசிச்சுக் காட்டு! அதான் சட்டம்!” என்று வக்கீல் அவரை இழுத்தாள். ஸ்டியரிங் பிடிக்கிற கை, ஒரு விரலால் தட்டித் தட்டி முடித்தார். பிறகு கேட்க வேண்டுமா! “எனக்கு, எனக்கு” என்று பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை தூக்கினார்கள். கடைசித் திருடனைப் பிடித்தது யார் தெரியுமா? பூகம்பத்தின் அம்மா! நாற்காலி கவிழ எழுந்து, “அங்கதான்! அங்கதான்!” என்று கத்தினார்கள். பூகம்பம் அம்மாவின் முகத்தைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் தினமும் வகுப்பு. சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரப்போகிறேன்.

அதனால் நான் வரவில்லை, அக்கா. எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்காக நீ பிடித்துவைத்த கட்டில், சூப்பர்வைசரிடம் நீ இளித்த பல், எல்லாம் தெரியும். திட்டு. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
சுண்டெலி


ஆகஸ்ட் 21

சுண்டெலிக்கு,

கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் வேறொரு பெண் வந்துவிட்டாள். விசில் மாதிரிக் குறட்டை விடுகிறாள், அதற்கும் உன்னைத்தான் திட்டினேன். பிறகு எடுத்துப் படித்தேன். பஸ் ஓட்டுகிறவர் கை தூக்கிய இடத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

அவளுடைய போனில் கீபோர்டு மாதிரிக் கட்டைகள் வருகிற ஓர் ஆப் இருக்கிறது. நேற்று விடுமுறை. வாங்கி, ஒரு விரலால் வாசித்துப் பார்த்தேன். நாலாவது வரியில் விரல் பழைய இடத்திலேயே போய் விழுந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டு. வெளியூரிலிருந்து வந்த திருடன் என்று சொல்.

ஸ ரி க ரி
ரி க ம க
க ம ப ம
ம ப நி ப
ப த நி த

யார் பிடித்தாலும் எல்லோரையும் கைதட்டச் சொல். பலமாக. எனக்குக் கேட்க வேண்டும்.

உன்
அக்கா