அதிரசம் தின்ற வாரம்

நவம்பர் 13, புதன்

மழை விடல. துவைச்ச துணி எதுவும் காயல.

காலையில் நடை, மழையோடயே. சர்க்கரை வியாதி எனக்கு. ஆனா முதல்ல எழுந்து ஸ்வெட்டர் மாட்டுறது ஊட்டுக்காரர். காபியிலும் எனக்காக இவரும் சர்க்கரையை விட்டாச்சு. கசப்பைக் குடிச்சுட்டு, "பழகிருச்சு"ங்கறார்.

பக்கத்து ஊட்டுப் பழனியம்மா தீபாவளி அதிரசம் கொண்டாந்தாங்க. "ஸ்டெல்லா தொடமாட்டாளுங்க, நொம்பக் கட்டுப்பாடு"ன்னு வாசல்லயே இவருக்குப் பெருமை. எஸ்டேட் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு வரச் சொன்னார். குடுத்தேன். எல்லாத்தையும் இல்ல.

நவம்பர் 14, வியாழன்

பனி. பள்ளிக்கூடத்துத் தையல் ரூம்ல ஊசி கோக்கக்கூட வெளிச்சம் பத்தல.

மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திட்டு அதிரசம். யாரோ நடக்கிற சத்தம். அப்படியே முழுங்கினேன். ருசியே தெரியல. முந்தானையில் வாயைத் துடைச்சேன். ஒரு டீச்சர் செய்யற காரியமா? போன வாரம் பஸ் ஸ்டாண்டு கடையில் தேங்காய் பன், அதுவும் இப்படித்தான்.

சாயங்காலம் இவர்: "இன்னைக்கு மொகம் தெளிவா இருக்கு." கூசிப்போச்சு.

நூல்கண்டு, மண்ணெண்ணெய் வாங்கணும்.

நவம்பர் 16, சனி

சேலம் போய் வந்தோம். ரத்த டெஸ்ட். சர்க்கரை ஏறியிருக்கு.

டாக்டரம்மாவுக்குக் கோபம். "என்னம்மா சாப்பிட்டீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். இவர் எழுந்து நின்னார். "என் தப்புங்க. தீபாவளியாச்சே, ஒரு வாய் தின்னுன்னு நாந்தான் கட்டாயப்படுத்தினேன்."

"ஏனுங்க, பொண்டாட்டிக்குக் கண்ணு போனாலும் பரவால்லீங்களா?"

"இனிமே மாட்டனுங்க."

எஸ்டேட்டே மதிக்கிற, கணக்கெழுதுற ரைட்டர், சின்னப் பையன் மாதிரி தலை குனிஞ்சு. நான் வாயே திறக்கல. அப்பவாவது திறந்திருக்கணும்.

பஸ் மலை ஏறும்போது சொல்லிட்டேன். அதிரசம், பன், எல்லாம்.

"தெரியும். உன் சேலையில எறும்பு ஏறுச்சே."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் பெருமை பேசுனீங்க?"

"பேசப் பேச நெசமாயிரும்னு நெனச்சேன்."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிட்டார். ராத்திரி கஞ்சி, ரெண்டு பேரும் பாதிதான்.

நவம்பர் 17, ஞாயிறு

மழை இல்ல. விடிஞ்சும் இவர் எழல. சுவர் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட வாய் வரல. தனியாகவே போனேன்.

நாகலூர் ரோட்டுல ஒரு ஆள் இல்ல. காபிப் பழம் சிவக்க ஆரம்பிச்சிருக்கு. கொஞ்ச தூரம் அழுகை. பிறகு அது நின்னு, சும்மா நடந்தேன். யாருகிட்டயும் மறைக்க ஒண்ணுமில்ல. காத்துல உலர்ற வேட்டி மாதிரி லேசா இருந்துச்சு உடம்பு. தின்னப்போ வராத சந்தோசம். அது வந்ததும் வெக்கமாயிருச்சு, இவரை அப்படி நிக்க வெச்சுட்டு எனக்கு என்ன சந்தோசம்னு.

திரும்பி வந்தா வாசல்ல நிக்கிறார்.

"எது வரைக்கும் போன?"

"சர்ச் வளைவு வரைக்குங்க."

"தினம் நடக்கறதுல பாதிதான்."

சிரிக்கல. செருப்பை மாட்டிட்டுப் படி இறங்கினார். நானும் பின்னாலயே, மீதிப் பாதிக்கு. சர்ச்சுப் பூசைக்கு லேட்.