சட்டைக்கு ஒரு பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், இஸ்திரிப் பெட்டி நலம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் பாதி நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை நலமாகத்தான் இருப்பார், அவருக்கென்ன, உன்னைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். போன மாதம் போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. என்ன சொன்னாய்? ஏதோ போட்டியாம், முப்பத்தைந்து வயதுக்குள் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம், எனக்கு நாற்பத்திநாலு ஆச்சு, ஒரு புத்தகம்கூட வரலை, இனிமே எழுதி என்னத்தைக் கிழிக்கப் போறேன், வயசாயிடுச்சும்மா என்றாய். அதோடு விட்டாயா? மாடி அலமாரியில் நீ விட்டுவிட்டுப் போன கதைக் கட்டைப் பழைய பேப்பரோட போட்டுடுங்கப்பா என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால், அம்மா யாரோட பெட்டியோ தொலைஞ்சுபோச்சாம், அப்புறம் பேசறேன் என்பாய். விமானத்தில் தொலைந்த பெட்டியை எல்லாம் தேடிக் கொடுக்கிறவளுக்குப் பெற்றவள் பேச்சைக் கேட்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன், இதை நடுவில் கட் பண்ண முடியாது. உட்கார்ந்துகொண்டு படி, ஏனென்றால் இங்கே ஒரு விவகாரம் நடந்துபோய்விட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் தப்பு எதுவும் கிடையாது. உங்க அப்பா இருக்கிறாரே, நான் ஒன்று சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார், நீ சொன்னால் மட்டும் வேதவாக்கு. பழைய பேப்பரோடு போடு என்று நீ சொன்னாய் இல்லையா, நம் லாண்டரியில் பழைய பேப்பருக்கு இருப்பதே ஒரே இடம், இஸ்திரி மேசைக்குக் கீழே உள்ள தட்டு. சட்டையை மடிக்கும்போது விறைப்பாய் நிற்க உள்ளே ஒரு தாள் வைப்போமே, அந்தத் தாள்கள் இருக்கிற தட்டு. அதில் கொண்டுபோய் உன் கட்டை வைத்துவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டால் கிழவனாய்த் தெரிகிறதாம், அதனால் போடுவதில்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்கவில்லை. நல்ல தடிமனான தாள் வேறு. சட்டையெல்லாம் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து நிற்குது பார் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. மேலேயிருந்து ஒவ்வொன்றாய் உருவி உருவி வைத்து, நம் தெருவில் இருக்கிற அத்தனை சட்டைக்குள்ளும் உன் நாவல் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் முன்பக்கம் துணி வாங்கிப்போட்டு ரசீது எழுதுகிறவள், பின்பக்கம் நடக்கிற கூத்து எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு விஷயம் தெரிந்தது பல் டாக்டரால். அவர் தலைதெறிக்க ஓடிவந்து, என் அடுத்த சட்டை எப்பம்மா தருவீங்க என்றார். எல்லாச் சட்டையும் நேற்றே வாங்கிட்டுப் போயிட்டீங்களே டாக்டர் என்றேன். சட்டை கிடக்குதும்மா, அந்த லாட்ஜ்ல என்ன ஆச்சு, ஏழாம் நம்பர் ரூம்காரர் எங்க போனாரு, அதைச் சொல்லுங்க என்று ஒரு தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கிப் பார்த்தால் உன் கதை. நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்த்த கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். அதற்குள் டிராபிக் போலீஸ்காரர் சீருடையோடு வந்து, எனக்குப் பன்னிரண்டாம் பக்கம் வந்திருக்கு, பதினொண்ணு யார்கிட்ட இருக்கு என்று விசாரணை மாதிரி கேட்கிறார். பல் டாக்டர் என்கிட்டதான் என்கிறார். இரண்டு பேரும் என் கல்லா மேசை மேலேயே தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சமிருந்த கட்டை நான் பிடுங்கி உள்ளே வைக்கப் போனேன். அதற்கு அவர்கள் போட்ட ரகளை இருக்கிறதே, அப்பப்பா! உன்னைக் கேட்டிருக்கலாம்தான், கேட்டால் யார் பெட்டியோ தொலைந்துபோச்சு என்பாய். அதனால் நானே முடிவெடுத்தேன், நடக்கிறது நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் கடையில் திருவிழாக் கூட்டம்தான் போ. அப்பா ஒரு சட்டம் வேறு போட்டார், சட்டைக்கு ஒரு பக்கம், கோட்டுக்கு இரண்டு பக்கம், கைக்குட்டைக்குக் கிடையாது. நேற்று இஸ்திரி போட்டு வாங்கிப்போன சட்டையையே வேண்டுமென்று கசக்கிக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள். பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா இருக்கிறாரே, சிரித்தே நான் பார்த்ததில்லை, அவர் வீட்டு ஜன்னல் திரையை எல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, திரைக்கு எத்தனை பக்கம் என்று அப்பாவிடம் பேரம் பேசினார். படித்த தாளை எல்லோரும் திருப்பிக் கொண்டுவந்து தர, நான் அவற்றை ஹேங்கர் கம்பியில் கிளிப் போட்டு வரிசையாய்த் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் வரவில்லை. லாட்ஜ்கார அம்மாளும் ஏழாம் நம்பர்காரரும் மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொள்கிறார்களாமே, அந்தப் பக்கம் ரிடையர் ஆன ஜட்ஜ் ஐயாவின் சட்டைக்குள் போய்விட்டது. அது என் சட்டைல வந்துச்சு, அது என்னுது, தரமுடியாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் வந்து வாசலில் நின்று அதை வாயாலேயே ஒப்பிக்கிறார், தாளை மட்டும் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறார்.

சரி, இப்போது உன்னிடம் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. இத்தனை வருஷமாய், முடிச்சப்புறம் காட்டறேன்மா, முடிச்சப்புறம் காட்டறேன்மா என்று என் கண்ணில் ஒரு வரிகூடக் காட்டாமல் இருந்தாயே, ஏன் என்று இப்போதுதானே தெரிகிறது. யாரடி அந்த லாட்ஜ்காரி? மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரசீது எழுதுகிறாள், வாடகை பாக்கி வைத்தவனைத் திட்டிக்கொண்டே அவனுக்குக் காப்பி கலந்து கொடுக்கிறாள், எந்தச் சண்டையிலும் முதலில் இதில் என் தப்பு எதுவும் கிடையாது என்று ஆரம்பிக்கிறாள். நான் அப்படியா பேசுகிறேன்? டிராபிக் போலீஸ்காரர் பக்கத்தையும் பார்க்கிறார் என்னையும் பார்க்கிறார், அச்சு அசல் நீங்கதாம்மா என்கிறார். உங்க அப்பா இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் உன்னை ஒரு பிடி பிடிக்க வேண்டுமென்றே கம்பியில் தொங்கியதை எல்லாம் முதலிலிருந்து நின்றபடியே படித்தேன். நடுவில் ஒரு இடத்தில் அவள் தனியாய் உட்கார்ந்து எல்லாச் சாவிக்கும் எண்ணெய் போடுகிறாளே, அங்கே வந்ததும் எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. கஞ்சி நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

இப்போது உன் வயது விஷயத்துக்கு வருகிறேன். கடையில் இவ்வளவு கூட்டம் வந்ததே, எழுதினவளுக்கு என்ன வயது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மட்டும்தான் கேட்டார். அந்த லாட்ஜ்காரி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற இடம் இருக்கிறதல்லவா, முதலில் முழங்காலைப் பிடித்து, அப்புறம் மேசையைப் பிடித்து, அப்புறம் மேசையைத் திட்டிவிட்டு எழுந்திருப்பாளே, அதைப் படித்துவிட்டு, எழுதினவங்களுக்கு எழுபது இருக்குமா, முழங்கால் வலியை இவ்வளவு கரெக்டா எழுதியிருக்காங்களே என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஐயய்யோ என் பொண்ணு சின்னப் பொண்ணுங்க, நாற்பத்திநாலுதான் என்றேன். அவ்வளவு சின்ன வயசா என்று கடையில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள்! கேட்டுக்கொள், இங்கே நீ சின்னப் பொண்ணு. இதையே இருபத்திரண்டு வயதில் எழுதியிருந்தால் நீ என்ன எழுதியிருப்பாய்? அவள் எழுந்தாள் என்று இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டுப் போயிருப்பாய். முழங்கால் எங்கே இருக்கிறது என்றே அப்போது உனக்குத் தெரியாது. வயதாகிவிட்டால் எதையும் புதிதாய்ச் செய்ய முடியாது என்று யார் சொன்னது? உங்க அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்தெட்டு வயதில். சரி, அது நல்ல உதாரணம் இல்லை, பின்பக்கச் சுவர் இன்னும் சாய்ந்தே நிற்கிறது. என்னையே எடுத்துக்கொள், இந்த லாண்டரியை ஆரம்பித்தபோது எனக்கு நாற்பத்தேழு. இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்று அன்றைக்குக் கேட்டவள் யார் தெரியுமா? நீதான்.

இனிமேல்தான் அசல் சிக்கல். இரண்டு வாரத்துக்கு முன்னால் கட்டு தீர்ந்துவிட்டது. கடைசித் தாளில் பூட்டுக்காரர் வருகிறார், ஏழாம் நம்பர் பூட்டைத் திறக்கிறார், லாட்ஜ்காரி ஒரு காலை உள்ளே வைக்கிறாள், அவ்வளவுதான், கீழே வெள்ளையாய்க் கிடக்கிறது. என்னடி இது? எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளவா அங்கே போய் நிறுத்தினாய்? உள்ளே பிணம் இருக்கிறது என்கிறார் பல் டாக்டர். உள்ளே இன்னொரு கதவு இருக்கிறது, ஆள் அது வழியாகத் தப்பிவிட்டான் என்கிறார் போலீஸ்காரர். ஏழாம் நம்பர்காரர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று சொல்லி ஜட்ஜ் ஐயா வெட்கப்படுகிறார். அப்பாவோ, பாவம் மனுஷன் அசந்து தூங்கறான், விடுங்களேன் என்கிறார். எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்து உலுக்கவும், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, என் பொண்ணு எழுதிட்டிருக்கா, அடுத்த வாரம் வந்துடும் என்று ஒரு புளுகைப் புளுகிவிட்டேன். அடுத்த வாரம் வந்தது, நீ வரவில்லை, கதையும் வரவில்லை. அப்பா சமாளிக்கிறேன் என்று போலீஸ்காரர் சட்டைக்குள் ஒரு வெறும் தாளை வைத்து அனுப்பினார். அவர் பதறிப்போய் ஓடிவந்து, ஏம்மா அந்த லாட்ஜ்கார அம்மா செத்துட்டாங்களா என்று கேட்டார். அன்றிலிருந்து வேலைநிறுத்தம் மாதிரி ஆகிவிட்டது. முடிவு வராமல் சட்டையை எடுத்துப்போக மாட்டோம் என்று எல்லோரும் ஒரே பேச்சாய்ப் பேசிவிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன, அப்பா எங்கே இருக்கிறார் என்று இருமல் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். பல் டாக்டர் பூப்போட்ட பனியனோடு பல் பிடுங்குகிறாராம், நோயாளிகள் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பதால் வேலை சுலபமாய் முடிகிறதாம். ஜட்ஜ் ஐயா ஸ்வெட்டரோடு வேர்த்துக் கொட்டியபடி வாக்கிங் போகிறார்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது இவர்கள் முகத்தில் நீ எப்படி விழிப்பாய் என்று யோசித்துப் பார். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியவில்லை என்று சொல்லாதே, என்னிடம் காது குத்தாதே. நாள் முழுக்க யார் யாருடைய பெட்டியையோ திறந்து பார்க்கிறவளுக்கு ஒரு அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாதா? பயமாக இருக்கிறது, அதுதான் விஷயம். திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று உனக்குப் பயம். அதற்கு வயது என்று பெயர் வைத்திருக்கிறாய். நீ ஒரு காலை உள்ளே வைத்தாகிவிட்டது கண்ணே, இன்னொரு காலையும் எடுத்து வை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று எழுது, அதையும் நாங்கள் படிப்போம். போட்டிக்காரர்கள் உன்னைச் சேர்க்காவிட்டால் போகட்டும், அவர்களுக்கு இஸ்திரி போடச் சட்டை இருக்கிறதோ இல்லையோ.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கழுத்து வலிக்கிறது என்றாயே, தலையணையை மாற்று. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே, காட்டினாலும் பனியன் விஷயத்தை மட்டும் காட்டு. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாய், நினைத்ததெல்லாம் கைகூடி நல்லபடியாய் இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று, இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். நீ இங்கே விட்டுப்போன நீலச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு நானே இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன். அவசரத்தில் பிரித்து மடிப்பைக் கலைத்துவிடாதே, உள்ளே ஒரு தாள் இருக்கிறது. வெறும் தாள்தான், உன் கட்டில் கடைசித் தாளுக்கு அடியில் எழுதாமல் கிடந்தது. அதில் எழுதித் திருப்பி அனுப்பு. ஊருக்கெல்லாம் அப்புறம் காட்டலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு முதலில் சொல்லிவிடு. எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது, வயதாகிவிட்டது என்று சொல்ல இந்த வீட்டில் உரிமை உள்ளவள் நான் ஒருத்திதான். அந்தக் கதவுக்குள் என்ன என்று தெரிகிற வரைக்கும் நான் அதைச் சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
(லாட்ஜ்காரி இல்லை)