பறந்து போன ம்

அன்பு மகளுக்கு,

அப்பா நலமாக இருக்கிறேன். முட்டிவலியும் என்னோடு நலமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, அண்ணன் எழுதவில்லை, அண்ணி எழுதவில்லை, நானே எழுதுகிறேன். இந்த நான்கு வரிக்கு ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது, காபி ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது, போகட்டும். போனில் சொல்லலாமே என்பாய். போன் உன் அண்ணனுடையது, நான் பேசும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிச் சரிபார்ப்பான். சொல்லப்போகிற செய்தி அவனைப் பற்றியது என்பதால் காகிதம்தான் வசதி.

நான் எழுதப் படிக்கப் போகிற முதியோர் வகுப்பு நூலகத்து மாடியில் நடக்கிறது. வாத்தியார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எழுத்து கோட்டை விட்டு வெளியே போனால் அடிக்க மாட்டார், "உள்ள போ, உள்ள போ, முன்னாடி இடம் இருக்கு" என்பார். உனக்குத்தான் தெரியுமே, நாற்பது வருஷம் பழைய பேப்பர் கடையில் எழுத்தைக் கட்டுக்கட்டாக எடைபோட்டவன் நான். ஒரு கிலோ எழுத்து எவ்வளவு கனம் என்று கண்ணால் பார்த்தே சொல்வேன், அதில் ஒன்றுக்குக்கூட அர்த்தம் தெரியாது. முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மக்கு என்பார். உன் அம்மா இருந்தவரை கோபம் வந்தால் மக்கு என்பாள், கோபம் தீர்ந்தால் என் மக்குச்சாமி என்பாள். இந்த வார்த்தையை மறந்துவிடாதே, பின்னால் வரும்.

இப்போது வீட்டுச் செய்தி. நம் வீடு பசுமை வீடாகிவிட்டது. குடியிருப்புச் சங்கம் ஒரு போட்டி வைத்தது, எந்த வீட்டில் இயற்கையோடு ஒட்டி வாழ்கிறார்களோ அந்த வீட்டுக்குக் கேடயம். அறிவிப்பு வந்த அன்றே உன் அண்ணன் இயற்கையோடு ஒட்ட ஆரம்பித்தான். முதலில் மூங்கில் பிரஷ் மூன்று வந்தது. பொட்டலத்தை நான்தான் பிரித்தேன், பழைய தொழில் கையை விட்டுப் போகுமா, வகை வகையாகப் பிரித்து வைத்தேன். அட்டைப்பெட்டி இரண்டு, காற்றடைத்த பிளாஸ்டிக் பை ஆறு, தெர்மாகோல் துண்டு நான்கு, பளபளவென்று ஒரு தாள். கடைக் காலத்தில் இவ்வளவு சரக்குக்கு ஒரு தெருவைச் சுற்ற வேண்டும், இப்போது மூன்று பேர் பல் துலக்கினால் போதும். பிறகு பால்கனிக்குப் பிளாஸ்டிக் புல் வந்தது. வெறுங்காலோடு நடந்தால் நமக்கு நல்லதாம், செருப்போடு நடந்தால் புல்லுக்குக் கெடுதலாம். புறா அசிங்கம் செய்கிறது என்று போன வருஷம் பால்கனி முழுக்க வலை கட்டினானே, இப்போது பறவைச் சத்தம் போடும் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறான், பதினாறு விதப் பறவை அதில் கூவும். வலைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் புறா கழுத்தைச் சாய்த்து அந்தப் பெட்டியைப் பார்க்கிற பார்வையை நீ பார்க்க வேண்டும். என் பங்குக்கு நான் வாசித்தேன். கண்ணில் படுவதை எல்லாம் சத்தமாக வாசிக்கிற வயது எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. பச்சை இலைப் படம் போட்ட கரண்டிப் பொட்டலத்தில், ஒருமுறை பயன்படுத்தியபின் எறிந்துவிடவும் என்று இருந்ததைச் சாப்பிடும்போது எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தேன். உன் அண்ணி அக்கறையாக, "மாமா, பொடி எழுத்தெல்லாம் படிக்காதீங்க, கண்ணு கெட்டுடும்" என்றாள்.

ஆனாலும் அவள் நல்லவள். குப்பைக்குப் பச்சையும் நீலமுமாக இரண்டு தொட்டி வாங்கி, பெயரை நீங்களே எழுதுங்கள் மாமா என்று அட்டையையும் மார்க்கரையும் என் கையில் கொடுத்தாள். நீலத்துக்கு மக்காதது, பச்சைக்கு மக்கும். எனக்குச் சுருக்கென்றது, இந்த வயதிலும் என்னைத் தொட்டியில் எழுத வேண்டுமா என்று நினைத்தேன். கண்டக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, "மக்கும்னா மண்ணாகும்னு அர்த்தம் பெரியவரே, தோல், இலை, நீங்க, நான் எல்லாம் அந்தக் கணக்குதான்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். முதலாளி பாதி வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார், ஒரு ம் சேர்த்திருந்தால் அது பெரிய மரியாதை. வந்து எழுதினேன். பெரிதாக எழுதிவிட்டதால் மக்கு வரைக்கும்தான் அட்டையில் இடம் இருந்தது, கண்டக்டர் பாஷையில் சொன்னால் ம் படிக்கட்டில் நின்றது. அதைத் தனித் துண்டில் புள்ளியோடு எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன். பார், இந்தக் கதை முழுக்க அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

பால்கனி மூலையில் எனக்கு என்று ஒரு வாளி உண்டு. விளிம்பு உடைந்த பெயிண்ட் வாளி. பக்கத்துத் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய மண்ணைக் கொஞ்சம் அள்ளி வந்து அதில் போட்டு, அடுப்பங்கரைத் தோலை எல்லாம் மேலே கொட்டி வந்தேன். ஒருநாள் அதிலிருந்து பூசணி முளைத்தது. நான் விதைக்கவில்லை. இரண்டே மாதத்தில் புறாவலை முழுக்க ஏறி, மஞ்சள் பூ விட்டு, கைமுட்டி அளவுக்கு ஒரு பிஞ்சும் வைத்துவிட்டது. கடைத்தரை சிமெண்ட், வீட்டுத்தரை சிமெண்ட், எழுபத்திரண்டு வயதுவரை என் கைபட்டுக் காய்த்தது ஒன்றுமில்லை, நீங்கள் இரண்டு பேர் தவிர. பேப்பரில் வாசிக்கிற செய்தியை அதனிடம்தான் முதலில் சொல்வேன், குறுக்கே பேசாது. உன் அண்ணனுக்கு அந்த வாளி கண்ணில் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை போட்டிக்காகப் பார்க்க வருகிறவர்கள் இதைக் குப்பை என்று நினைத்தால் மார்க் குறையும் என்றான். பிடித்து இழுத்துப் பார்த்தான், கொடிச்சுருள் வலையை அப்படிப் பற்றியிருந்தது, கொடி வந்தால் வலையும் வரும், வலை வந்தால் புறா வரும். கடைசியில் பிளாஸ்டிக் இலையால் செய்த திரை ஒன்று வாங்கிவந்து கொடிக்கு முன்னால் தொங்கவிட்டான். "திங்கக்கிழமை ஆள் வச்சு வெட்டிடலாம்பா, ஒரு செடிதானே" என்றான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வீடு, அவன் பால்கனி, நான் என்ன சொல்ல. ஞாயிற்றுக்கிழமை அறைக்குள்ளேயே இருக்கிறேன், எதையும் வாசிக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார்கள். தாவரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், போட்டோ எடுக்கச் சங்கச் செயலாளர். உன் அண்ணன் பெட்டியைக் கூவவிட்டான். பிளாஸ்டிக் இலை அசையட்டும் என்று மேசை விசிறியையும் போட்டான். அன்று காலை தொட்டியைக் கழுவியதில் என் துண்டு நனைந்திருக்க வேண்டும், விசிறிக்காற்றில் ம் பறந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் தொட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான், செயலாளர் படம் எடுத்தார். டீச்சரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "மக்குன்னு போட்டிருக்கே, யாருங்க அது?" என்று கேட்டார். உன் அண்ணி அவசரமாக, மாமா இப்போதுதான் எழுதப் பழகுகிறார் என்றாள். வாசிக்க மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன், எழுதியதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று அல்லவே. அறைக்குள்ளேயே இருப்பேன் என்றதை மறந்து வெளியே வந்து, "மக்கு நாந்தாங்க, ஆனா ம் போட்டேன்" என்றேன். போட்ட எழுத்தைப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விடக் கூடாது. மண்டியிட்டு அந்த ம்மைத் தேட ஆரம்பித்தேன். விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறதோ அந்தப் பக்கம் போனேன், பிளாஸ்டிக் புல்லைக் கடந்து திரைக்கு அடியில் தலையை விட்டேன், திரை தோளில் மாட்டி மேலே வந்துவிட்டது. திட்டம் போட்டுச் செய்யவில்லை, நீயாவது நம்பு. என் ம் ஓர் இலைமேல் ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பினால் டீச்சரம்மாவும் எனக்குப் பக்கத்தில் மண்டி போட்டிருக்கிறார், அவருக்கும் முட்டிவலிதான். கொடியைத் தொட்டுப் பார்த்து, இது யார் வைத்தது என்றார். "யாரும் வைக்கலைங்க, குப்பை வச்சுது" என்றேன். அவர் எழுந்து போய் முதலில் பறவைப் பெட்டியை நிறுத்தினார், பிறகு விசிறியை. பூவுக்குள் ஒரு வண்டு முனகுகிற சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

கேடயம் நமக்குத்தான். பிளாஸ்டிக்கில் செய்தது, மேலே பச்சை இலை. திங்கட்கிழமை அரிவாளோடு வந்த ஆளை உன் அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, "பரிசு வாங்குன செடிய யாராவது வெட்டுவாங்களாய்யா" என்று திட்டி அனுப்பினான். அந்த ஆள் போகும்போது என்னைப் பார்த்த பார்வையும் புறாவின் பார்வைதான். நேற்று சங்கத்தின் மாதத்தாள் வந்தது. நம் குடும்பத்தைப் பற்றி அச்சில் வந்ததை நான் முதல்முதலாக என் கண்ணால் வாசித்தேன். இயற்கைப் பந்தல் அமைத்த பசுமை வீட்டுக்காரர் என்று உன் அண்ணனைப் பற்றிப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள், கூடவே அவன் படம். படத்தில் அவன் தோளுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், நான் எழுதிய மக்கு. நல்ல தெளிவான கையெழுத்து. மூன்று முறை வாசித்தேன், சத்தமாகத்தான். இப்போது அவன் அட்டையும் பசையும் கொண்டுவந்து என் முன்னால் நிற்கிறான். "அப்பா, அந்த ம் மட்டும் கொஞ்சம் எழுதிக் குடுங்கப்பா" என்று கெஞ்சுகிறான். உன் தங்கைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நான் மெதுவாக எழுதுகிறவன் என்பது அவனுக்குத் தெரியும்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கொடி மாதிரி ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு நன்றாக இருங்கள். காய்கறித் தோலைத் தூக்கி எறியாமல் ஒரு வாளியில் போட்டு வை, என்ன முளைத்தது என்று எனக்கு எழுது. பொடி எழுத்தைத் தவறாமல் வாசி. பதிலைப் போனில் சொல்லாதே, தாளில் பெரிது பெரிதாக எழுது, அண்ணன் வாசித்துக் காட்டுகிறேன் என்று வந்தால் நான் கொடுக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
ம் விடாமல் எழுதும்,
உன் மக்கும் அப்பா